கருப்பை வாயும் தாம்பத்தியமும்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கருப்பை வாயில் கண்ட மாறுபட்ட செல்களை நீக்கி நான்கு மாதமாகியும், மாப்பிள்ளையோடு சேர்ந்திருக்கும்போது முன்பிருந்த இன்பம் தோன்றுவதில்லை, சில சமயம் உள்ளே வலிக்கிறது, பல நாள் விருப்பமே எழுவதில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, சிகிச்சை செய்தவரிடம் இதைக் கேட்டதற்கு, "அந்த இடத்தில் நரம்பே கிடையாது, எல்லாம் மனப்பிரமை" என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டதால், கோளாறு உன் மனத்தில்தானோ என்று மயங்குவதாக முடித்திருக்கிறாய். ஆயுளின் பெரும்பகுதியைப் பெண்கள் வைத்தியத்தில் கழித்தவள் நான். ஆகையால் அத்தை, மருமகள் என்ற சங்கோசத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, விஷயத்தை விஷயமாகவே எழுதுகிறேன்.

உனக்கு நடந்தது இன்னதென்று முதலில் தெளிந்துகொள். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துக் கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கி வழியாக நோக்கினால், கோளாறுள்ள பகுதி வெளுத்துத் தெரியும்; பின்பு அயோடின் தடவினால் ஆரோக்கியமான சதை கரும்பழுப்பாக மாற, கிளைகோஜன் வற்றிய செல்கள் உள்ள இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் சில விநாடிகளில் அரிந்தெடுப்பதுதான் 'லீப்' என்னும் முறை. மரப்பூசியில் அட்ரினலின் கலந்திருந்தால் நெஞ்சு படபடக்கும். அதைச் சொல்லாமல் ஊசி போட்டால், மேஜையில் படுத்திருப்பவள் உயிரே போகிறதென்று நினைத்துக்கொள்வாள். இரத்தத்தை நிறுத்த இரும்புச்சத்துள்ள மான்செல் பசையைப் பூசுவதுண்டு. அது அடுத்த சில நாட்களில் காப்பித் தூளைப் போலக் கறுப்பாகக் கழிந்து வருவதைக் கண்டு பயந்து ஓடிவந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீர்போன்ற கசிவும், இரண்டாம் வாரத்தில் பொருக்கு உதிரும்போது சிறிது உதிரமும் இயல்பே. நான்கு வாரமாவது தாம்பத்திய உறவு கூடாது என்று சொல்வது அந்தப் புண் ஆறுவதற்காகத்தான். இவ்வளவையும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். புண் ஆறிய பிறகு என்ன ஆகலாம் என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

"நரம்பே கிடையாது" என்னும் அபிப்பிராயம் வைத்திய உலகில் எப்படி வேரூன்றியது என்பது சுவையான கதை. அமெரிக்காவில் கின்ஸியும் அவருடைய சகாக்களும் 1953-இல் வெளியிட்ட பெண்களின் பாலுணர்வு பற்றிய நூலில், கருப்பை வாயை மெல்ல வருடியபோது மிகப் பெரும்பாலான பெண்கள் அதை உணரவில்லை என்று குறித்திருந்தார்கள். அந்த ஒரு வரி பாடப் புத்தகம் பாடப் புத்தகமாகப் பரவி, உணர்ச்சியற்ற அங்கம் என்ற சித்தாந்தமாக உறைந்துவிட்டது. ஆனால் அதே பரிசோதனையில் அழுத்திப் பார்த்தபோது அதே பெண்களில் பெரும்பாலோர் உணர்ந்தார்கள் என்ற செய்தியும் அதே நூலில் இருக்கிறது. அதை வாசிக்கத்தான் ஆளில்லை. கருப்பை வாய் லேசான வருடலுக்கு எழுந்து பதில் சொல்லும் அங்கமன்று. அழுத்தத்திற்கும் அசைவிற்கும் பதில் சொல்வது. உறவின்போது அதற்கு நேர்வது இவ்விரண்டுந்தானே? பிற்காலத்தில் நியூ ஜெர்ஸியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரி கோமிசாருக், பெவர்லி விப்பிள் ஆகியோர், முதுகுத் தண்டு முற்றிலும் அறுபட்ட பெண்களிடத்திலும் கருப்பை வாயின் உணர்ச்சி மூளையை எட்டுவதைக் கண்டு, தண்டுவடத்தைச் சாராமல் கழுத்து வழியே மூளைக்கு ஏறும் வேகஸ் நரம்பும் இதில் பங்குகொள்கிறது என்று 2004-இல் மூளைப் படங்களோடு எழுதினார்கள். ஆகவே உன் வைத்தியர் சொன்னது சாஸ்திரமன்று, வழக்கமாகிப்போன ஒரு வாசகம்.

இதனால் உன் துன்பத்திற்கெல்லாம் அறுபட்ட நரம்பே காரணம் என்று நான் தீர்ப்பெழுதிவிட்டதாக நினைக்காதே. தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், லீப் செய்துகொண்ட பெண்களுக்குத் திருப்தியிலும், உச்ச இன்பத்திலும், யோனியின் நெகிழ்ச்சியிலும் சிறிய குறைவு தென்பட்டது. சிறியதுதான், ஆனால் கற்பனையன்று. மற்றொருபுறம், வளையம் படாமல் வெறும் கால்போஸ்கோப் பரிசோதனைக்கு மட்டும் உட்பட்ட பெண்களிடத்திலும் விருப்பம் குறைவது காணப்பட்டிருப்பதால், பயத்தின் பங்கையும் தள்ளிவிட முடியாது. பயம் மனத்தோடு நிற்பதில்லை. ஒருமுறை வலித்த இடத்தை மறுமுறை காப்பதற்காக இடுப்பின் அடித்தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ள, அந்த இறுக்கமே புதிய வலியாகிறது. மனமா சரீரமா என்று கேட்பவர்களுக்கு இந்தத் தசையைத்தான் நான் காட்டுவேன். சூற்பைகளை வளையம் தொடுவதில்லையாதலால் ஹார்மோன் வற்றிவிட்டதோ என்ற கவலை வேண்டாம். மாதவிலக்கு வரவரக் குறைந்தோ, நின்றோ, அடிவயிறு முறுக்கி வலித்தால் மட்டும் தழும்பினால் வாய் சுருங்கியிருக்கலாம். அதை விரித்துவிட வழியுண்டு, தாமதிக்காமல் போய்க் காட்டு.

நீ நேராகக் கேட்காமல் ஓரத்தில் எழுதிவிட்டுப் போன விஷயம் ஒன்று. இந்தச் செல் மாறுபாட்டிற்கு ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் காரணம் என்று அறிந்ததுமுதல் மாப்பிள்ளையை நீ ஒரு கண்ணாலும், உன்னை அவர் ஒரு கண்ணாலும் பார்ப்பதாகத் தெரிகிறது. அந்த வைரஸ் பெரும்பாலோர்க்கு ஆயுளில் எப்போதாவது வந்து, ஓரிரண்டு ஆண்டில் தானே போய்விடுவது. சிலரிடம் மட்டும் பல வருஷம் அடையாளமின்றித் தங்கியிருந்து பிறகு தலைகாட்டும். யாரிடமிருந்து, எப்போது என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. சந்தேகத்தோடு படுக்கும் படுக்கையில் இச்சை எழாததற்கு வளையத்தைக் குறை சொல்லி என்ன பயன்? இந்தப் பத்தியை அவரிடம் வாசிக்கக் கொடு.

சிகிச்சையே செய்துகொள்ளாமல் இருந்திருக்கலாமோ என்ற எண்ணத்திற்கும் இடங்கொடாதே. நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 30 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அசெட்டிக் அமிலப் பரிசோதனை செய்து, கோளாறு கண்டவர்களுக்குச் சிகிச்சையும் அளித்துவந்ததில், பரிசோதனைக்கு அழைக்கப்படாத பெண்களைவிட அவர்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. உயிர் பிழைத்ததற்காக நன்றியோடு வாயை மூடிக்கொள் என்று யாராவது சொன்னால், அதையும் கேட்காதே.

இனிச் செய்ய வேண்டியவை. வலி உள்ளமட்டும் உட்புகும் உறவை நிறுத்திவைத்து, ஸ்பரிசத்தோடும் பேச்சோடும் இருங்கள். அது குறைந்த தாம்பத்தியம் என்று நினைப்பது ஆண்களின் வழக்கம், நீயும் அதை ஏற்க வேண்டியதில்லை. மறுபடி தொடங்கும்போது நீ மேலிருந்தால் ஆழம் உன் வசத்தில் இருக்கும். வறட்சியிருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் கலந்த வழுக்கு ஜெல்லை உபயோகி. ஆணுறை அணிந்திருக்கையில் தேங்காயெண்ணெய் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்துவிடும். தசை இறுக்கத்திற்கு இடுப்புத் தசைப் பயிற்சி அறிந்த பிசியோதெரபிஸ்டிடம் போவது நல்லது. இறுக்கும் பயிற்சியைவிட முதலில் தளர்த்தும் பயிற்சியைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் நிலைமை சீர்ப்படுகிறது. எல்லோருக்கும் அப்படியென்று வாக்குக் கொடுக்க நான் ஜோசியக்காரியல்ல.

ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வேறொரு வைத்தியரிடம் போ, மாப்பிள்ளையும் உடன் வரட்டும். எடுத்த சதையின் நோயியல் அறிக்கையில் ஓரங்கள் சுத்தமாக இருந்தனவா, ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். 10 மில்லிமீட்டருக்கு மேல் எடுத்திருந்தால் நாளை நீ கர்ப்பமாகும்போது குறைப்பிரசவத்திற்கான வாய்ப்புச் சற்று அதிகமாதலால், கருப்பைக் கழுத்தின் நீளத்தை ஸ்கேனில் அளந்துவர வேண்டியிருக்கும். அந்த அறிக்கையின் நகலை இப்போதே கேட்டு வாங்கி, எனக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அத்தை