வீல் பொருந்துமா? வட்டப் பாடத்தைக் கேளுங்கள்



வட்டம் பாடத்தில் நாண், ஆரம், மையக்கோணம் எல்லாம் படிச்சோம். "இதெல்லாம் எங்கே பயன்படப் போகுது?"ன்னு கடைசி பெஞ்சில் ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

பாரம் ஏற்றும் பெரிய பிக்கப் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த வீலைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் வேறு வீல் வாங்கிப் போடுகிறார்கள். அது பொருந்துமா என்று காசு கொடுக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஸ்கேல், வெர்னியர், கொஞ்சம் கணக்கு இருந்தால் போதும். (டயர் வேறு, வீல் வேறு. ரப்பர்தான் டயர். அதைத் தாங்குகிற இரும்பு அல்லது அலுமினியச் சக்கரம்தான் வீல். டிஸ்க் என்றும் ரிம் என்றும் சொல்வார்கள்.)

முதலில் ஓட்டைகளை எண்ண வேண்டும். 5, 6, 8 என்று இருக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எல்லா ஓட்டைகளின் மையம் வழியாகவும் ஒரு வட்டம் வரைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் விட்டத்துக்குப் பெயர் பி.சி.டி. 8×170 என்று எழுதியிருந்தால் 8 ஓட்டை, விட்டம் 170 மி.மீ. என்று அர்த்தம்.

8 போல்ட் பிக்கப் அமெரிக்காவில் அதிகம். அங்கிருந்தே உதாரணம் எடுக்கிறேன், ஏன்னா ஏமாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டியூட்டிக்கு 1999 முதல் 8×170. ராம் 2500 வண்டிக்கு 8×165.1. செவர்லே சில்வராடோ 2500 எச்.டி.க்கு 2010 வரை 8×165.1, 2011 முதல் 8×180. மூன்றுமே எட்டு ஓட்டை, தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். கம்பெனியும் வருடமும் தெரியாமல் "எட்டு ஓட்டை வீல் இருக்கு, வேணுமா?" என்று விற்பவரை நான் நம்ப மாட்டேன்.

165.1க்கும் 170க்கும் வித்தியாசம் 4.9 மி.மீ. விட்டத்தில் 4.9 என்றால் ஆரத்தில் 2.45 மி.மீ. மட்டும்தான். "அட, இவ்வளவுதானே, முறுக்கினா உட்கார்ந்துடும்" என்று தோன்றும். ஆபத்தே அதில்தான் இருக்கு. நட்டு என்ன வேலை செய்கிறது? வீலை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் வீலை நகராமல் வைத்திருக்கிறது. ஓட்டை தள்ளி இருந்தால் நட்டு ஒரு பக்கம் மட்டும் அழுத்தும். வண்டி ஓட ஓட நட்டு தளரும், வீல் ஆடும், போல்ட் வளைந்து வளைந்து நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான். பாரத்தோடு போகும் வண்டியில் இருந்து ஒரு வீல் கழன்று உருண்டால், ரோட்டோரம் நடந்து போகிறவர்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாமும்தான் ரோட்டோரம் நடந்து பள்ளிக்கு வருகிறோம்.

இப்போது அளக்கும் முறை. 8 ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரமே விட்டம். ஆனால் இந்த மாதிரி வண்டிகளில் பின் ஹப் நடுவில் துருத்திக்கொண்டு இருக்கும், ஸ்கேலை நேராக வைக்க முடியாது. அப்போது பக்கத்துப் பக்கத்து போல்ட்டுகளின் தூரத்தை அளக்கலாம். அது நமக்குத் தெரிந்த நாண்! எட்டாகப் பிரித்தால் மையக்கோணம் 45°, அதில் பாதி 22½°. நாண் = விட்டம் × சைன் 22½°. சைன் அட்டவணையில் பார்த்தால் 0.3827. ஆகவே நாணை 0.3827ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும்.

6 ஓட்டை என்றால் இன்னும் சுலபம். மையக்கோணம் 60°, சமபக்க முக்கோணம். நாணும் ஆரமும் ஒன்றே. இரண்டால் பெருக்கினால் போதும். டொயோட்டா ஹைலக்ஸ் 6×139.7, அதில் பக்கத்து போல்ட் தூரம் 69.85 மி.மீ. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. 5 ஓட்டையில் எதிரே ஓட்டையே கிடையாது, அதனால் நாணை 1.701ஆல் பெருக்க வேண்டும். (ஏன் 1.701? சைன் 36° பாருங்கள்.)

ஒரு சின்ன உபாயம்: ஓட்டையின் மையத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு ஓட்டையின் இடது ஓரத்தில் இருந்து அடுத்த ஓட்டையின் இடது ஓரம் வரை அளந்தால், ஓட்டைகள் ஒரே அளவாக இருக்கும் வரை, அதுவே மையத் தூரம்.

அடுத்தது நடு ஓட்டை. ஹப் அதற்குள் நுழைய வேண்டும். ஃபோர்டு சூப்பர் டியூட்டிக்கு ஏறத்தாழ 125 மி.மீ., ராமுக்கு ஏறத்தாழ 121. சின்னதாக இருந்தால் வீல் உள்ளேயே போகாது. பெரிதாக இருந்தால் போகும், ஆனால் மையத்தில் நிறுத்த வளையம் போடுவார்கள்.

ஆஃப்செட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நமக்கு எண்கோடு தெரியும் என்பதால் பயமில்லை. வீலின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு போடுங்கள், அதுதான் பூஜ்யம். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், வண்டிப் பக்கம் இருந்தால் மைனஸ். வீலிலேயே ஈ.டி. என்ற எழுத்தோடு இந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

பழைய வீல் அகலம் 8 இன்ச், ஆஃப்செட் +40 என்று வைப்போம். 8 இன்ச் 203.2 மி.மீ., பாதி 101.6. ஹப் முகத்தில் இருந்து உள்ளே 101.6 + 40 = 141.6. வெளியே 101.6 − 40 = 61.6. புது வீல் 9 இன்ச், ஆஃப்செட் 0. பாதி 114.3. உள்ளே 114.3, வெளியே 114.3. அதாவது வெளிப்பக்கம் 52.7 மி.மீ. கூடுதலாகத் துருத்தும். "அகலமா கெத்தா இருக்கு" என்பார்கள். ஸ்டியரிங்கை முழுசா ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும், வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். உள்பக்கம் அதிகம் நீண்டால் பட்டையிலோ பிரேக்கிலோ இடிக்கும். அதனால் வீலை மாட்டியதும் ஜாக்கியில் வைத்துக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பொருந்தியும் தோற்கும் இடம் பாரம். பின் அச்சில் 2800 கிலோ விழுந்தால், பக்கத்துக்கு ஒரு வீல் என்றால் ஒன்றுக்கு 1400 கிலோ. வீலின் பின்புறம் தாங்கும் எடையைப் பொறித்திருப்பார்கள், பெரும்பாலும் பவுண்டில். 2500 பவுண்டு என்றிருந்தால் 2500 × 0.4536 = 1134 கிலோ. போதாது! 3640 பவுண்டு என்றால் 1651 கிலோ, போதும். டயரிலும் பார்க்கணும்: 120 என்ற எண் 1400 கிலோவைக் குறிக்கும். எண்ணே பொறிக்காத வீலை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், பார வண்டிக்கு வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

நட்டு விஷயம் கொஞ்சம்தான். வீல் ஓட்டையின் வாய் கூம்பாக இருந்தால் கூம்பு நட்டு, உருண்டையாக இருந்தால் உருண்டை நட்டு. போல்ட் தடிமன் அளவுக்காவது மரை ஏற வேண்டும். 14 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் 14 ÷ 1.5 = 9.33. ஆக, குறைந்தது ஒன்பதரைச் சுற்று. முதல் சில சுற்று கையாலேயே போடணும், பிறகு எதிரெதிராக முறுக்கணும். 80 முதல் 160 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடியும் முறுக்கிப் பார்க்கணும்.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 8 ஓட்டை வீல் ஒன்று கிடைத்தது. பெயர் எதுவும் இல்லை. பக்கத்து ஓட்டைகளின் மையத் தூரம் 65 மி.மீ. மேலே சொன்ன மூன்று வண்டிகளில் எதன் வீல் இது? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே செருகுங்கள்.