முன் ஷாக் வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

பழனிசெட்டிபட்டியில் இருந்துகொண்டு மவுண்டன் பைக் வைத்திருப்பவனுக்கு வழிக்குப் பஞ்சமில்லை. முல்லைப் பெரியாற்றங்கரை மண் பாதை இருக்கிறது. தேவாரம் பக்கம் போனால் 18-ஆம் கால்வாய்க் கரை. மலை ஏற வேண்டுமென்றால் 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு. உடம்பில் இன்னும் தெம்பிருந்தால் சின்னமனூர் வழியாக மேகமலை. ஹைவேவிஸ் தாண்டி மகாராஜாமெட்டு வரை போகும் கல் ரோடு. 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. வனத்துறை செக்போஸ்ட்டில் நேரமும் அனுமதியும் விசாரித்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இந்த வழிகளில் ஓட்டுகிற தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணே, முன் ஷாக்கை மாத்திரலாமா?" என்றுதான். நானும் ஸ்பிரிங் ஃபோர்க்கை எடுத்துவிட்டு ஏர் ஃபோர்க் போட்டு ஓட்டுகிறவன். மாற்றலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் எந்தக் கம்பெனி, என்ன விலை என்ற பேச்சு பிறகு. முதலில் உங்கள் ஃப்ரேம் எதை ஏற்றுக்கொள்ளும் என்று அளந்து பாருங்கள்.

சைக்கிளோடு வருகிற ஆரம்ப விலை ஃபோர்க்கில் உள்ளே இருப்பது ஒரு இரும்பு ஸ்பிரிங். 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் அதே ஸ்பிரிங்தான். மேலே இருக்கும் ப்ரீலோட் குமிழைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தொடக்கத்தில் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்குமே தவிர ஸ்பிரிங்கின் குணத்தை மாற்றாது. கால்வாய்க் கரையில் பொடிக் கற்கள் மேல் போகும்போது ஃபோர்க் அசையாமல் இருந்து மணிக்கட்டை உலுக்கும். குழியில் இறங்கினால் 'டக்'கென்று அடியில் முட்டும். போடிமெட்டு இறக்கத்தில் வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே குனியும். ஏர் ஃபோர்க்கில் காற்றுதான் ஸ்பிரிங். உங்கள் எடைக்குத் தக்கபடி ஏற்றலாம், இறக்கலாம். அமுங்க அமுங்க எதிர்ப்பும் கூடிக்கொண்டே போகும். மவுண்டன் பைக் உலகில் சஸ்பென்ஷனைப் பரவலாக்கிய ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 கூட காற்றும் எண்ணெயும் வைத்து ஓடியதுதான். 1990-ல் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பின் டவுன்ஹில் போட்டியை கிரெக் ஹெர்போல்டு அதில்தான் ஜெயித்தார்.

இனி அளவுக்கு வருவோம். ஃபோர்க்கின் மேலே நீளும் குழாயை ஸ்டியரர் என்பார்கள். பழைய வகை மேலிருந்து கீழ் வரை ஒரே கனம், 28.6 மில்லிமீட்டர். புதிய வகை கீழே ஒன்றரை அங்குலமாக அகலும், அது டேப்பர். ஸ்டியரர் நுழையும் ஃப்ரேம் குழாய்தான் ஹெட் ட்யூப். அதன் உள்விட்டம் 34 மில்லிமீட்டர் என்றால் டேப்பர் ஏறாது, நேர்க்குழாய்தான். 44 என்றால் கீழே வெளிக்கப்பு போட்டு டேப்பரையும் ஏற்றலாம். அடுத்து வீல். ஹப்பில் 9 மில்லிமீட்டர் குவிக் ரிலீஸ் இருந்தால் 15 மில்லிமீட்டர் ஆக்ஸில் ஃபோர்க் உங்களுக்கு உதவாது. ஹப்பை மாற்ற வேண்டிவரும், செலவு கூடும். நேர்க்குழாயும் குவிக் ரிலீஸும் உள்ளவர்கள் சன்டூர் எக்ஸ்சிஆர் ஏர், ராக்‌ஷாக்ஸ் ஜூடி சில்வர் மாதிரி வரிசைகளில் அதற்கேற்ற வகையைக் கேட்டு வாங்கலாம். பிரேக் டிஸ்க்காக இருக்க வேண்டும். வி-பிரேக் மாட்டும் கொம்பு இந்த ஏர் ஃபோர்க்குகளில் அநேகமாக இருக்காது.

100 மில்லிமீட்டர் அசைவுக்கு வடிவமைத்த ஃப்ரேமில் ஆசைப்பட்டு 120, 140 போடாதீர்கள். 20 மில்லிமீட்டர் கூடினால் ஹெட் ட்யூப் சாய்வு ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். போடிமெட்டு ஏற்றத்தில் முன் வீல் அலைவது தெரியும். அதைவிட முக்கியம், அந்த நெம்பு முழுவதும் ஃப்ரேமின் கழுத்து வெல்டிங்கில்தான் விழும்.

மாட்டும் வேலையில் அவசரப்படக் கூடாத இடம் ஸ்டியரரை அறுப்பது. ஸ்டெம்மையும் வளையங்களையும் அடுக்கி வைத்துப் பார்த்து, அறுத்த விளிம்பு அந்த அடுக்கின் மேல்விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி குறியுங்கள். சந்தேகமிருந்தால் இரண்டு வளையம் அதிகமாகவே விடுங்கள். மறுபடி அறுக்க முடியும், ஒட்ட முடியாது. ஸ்டியரரின் அடியில் உட்காரும் வளையமான கிரவுன் ரேஸை அடித்து இறக்க ஸ்க்ரூ ட்ரைவர் வேண்டாம். உள்விட்டம் பொருந்தும் பிளாஸ்டிக் பைப் துண்டைக் குழாயில் கோத்து, மேலிருந்து நேராகத் தட்டினால் வளையம் சாயாமல் இறங்கும். கடைசி அடியில் சத்தம் மாறும். கணீரென்று கேட்டால் அடியில் உட்கார்ந்துவிட்டது.

புது ஃபோர்க் போட்ட கையோடு, காற்றைச் சரிபார்க்காமல் மலைக்குக் கிளம்புகிறவர்கள் இழப்பது அதன் பாதிப் பலனை. தண்ணீர் பாட்டில், பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி, பெடலில் எழுந்து நில்லுங்கள். ஃபோர்க் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு மெதுவாக இறங்கிப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் அந்த வளையம் 20 முதல் 25 வரை மேலேறியிருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் காற்று ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள். சாதாரணப் பம்பு இதற்கு ஆகாது. ஷாக் பம்பு தனியாக வாங்குங்கள். பிறகு ரீபௌண்டு, அதாவது அமுங்கிய ஃபோர்க் மீளும் வேகம். கைப்பிடியை அழுத்திச் சட்டென்று விடும்போது முன் வீல் தரையிலிருந்து துள்ளினால் குமிழை ஒரு கிளிக் மெதுவாக்குங்கள். அளவுக்கு மீறி மெதுவாக்கினாலும் மேகமலை கல் ரோட்டில் ஒரு கல்லிலிருந்து மீள்வதற்குள் அடுத்த கல் வந்துவிடும்; ஃபோர்க் அமுங்கியபடியே கிடக்கும்.

நம் ஊருக்கே உரிய எதிரி புழுதி. ஆடிக் காற்றில் கரையோரப் பாதையில் போய் வந்து பாருங்கள்: பளபளக்கும் காலில், சீலுக்குச் சற்று மேலே, செம்மண் மோதிரம் போல ஒரு கோடு கட்டியிருக்கும். அதைத் துடைக்காமல் விட்டால் ஃபோர்க் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அந்த மண் உப்புத்தாள் வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்தால் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பை சீல் பக்கம் நீட்டவே விடாதீர்கள். ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு மூன்று மாதத்தில் அது வந்துவிடும்.

தேனி, பெரியகுளம் என்று தார் ரோட்டிலேயே ஓட்டுகிறவர் இந்தச் செலவில் இறங்க வேண்டாம். நல்ல டயர் இரண்டு வாங்கி, காற்றைச் சரியாக வைத்துக்கொள்ளட்டும். மண்ணிலும் கல்லிலும் ஓட்டுகிறவர் கட்டாயம் மாற்றட்டும். பணம் கொடுப்பதற்கு முன், வாங்கப்போகும் மாடலுக்கு சீல் செட் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். "அதெல்லாம் வராதுண்ணே" என்றால், சீல் கிடைக்கிற வேறு மாடலைப் பாருங்கள்.