வீடியோ விளையாட்டும் சிறுவர் அமரும் முறையும்

“நிமிர்ந்து இரு” என்னும் கட்டளையைக் கேளாது நம் கல்லூரியிற் கற்று வெளியேறியவர் எவரும் இலர். வாங்கிலே கூனியிருந்து எழுதும் மாணவனின் முதுகை ஆசிரியரின் அடிமட்டம் மெல்லத் தொடும். தொட்டவுடன் நிமிர்வோம்; அவர் அடுத்த வாங்கைக் கடந்ததும் மீண்டும் கூனுவோம். அக்கட்டளையையே இன்று நாம் நம் மக்களுக்கும் பேரர்க்கும் இடுகின்றோம். அன்று நம் முன்னிருந்தது கொப்பி; இன்று அவர் கையிலிருப்பது வீடியோ விளையாட்டுத் திரை. கருவி மாறியதேயன்றிக் கட்டளையின் பயன் மாறவில்லை. பிள்ளை ஒரு கணம் நிமிர்ந்து மறுகணம் குனிகின்றான். இஃது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மனிதனின் முள்ளந்தண்டு நேரான கோலன்று. கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் 5 என அடுக்கப்பெற்ற முள்ளென்புகளும், அவற்றின் கீழே ஒன்றாய் இணைந்த என்புகளும் மென்மையான வளைவுகளாய் அமைந்துள்ளன. பிறந்த குழந்தையின் முதுகு பெரும்பாலும் ஒரே வில்லாய் வளைந்திருக்கும். மூன்று நான்கு மாதத்தில் தலையை நிமிர்த்தத் தொடங்கும்போது கழுத்து வளைவு தெளிவாகின்றது; இருக்கவும் நிற்கவும் நடக்கவும் பழகும்போது நாரி வளைவு உருவாகின்றது. ஆகவே, நிமிர்வு என்பது கட்டளையால் வந்ததன்று, அசைவினால் ஈட்டப்பெற்றது.

அவ்வடுக்கின் உச்சியிலே தலை அமர்ந்துள்ளது. வளர்ந்தோரின் தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறையுடையது. துலா மிதித்த ஊரினர்க்கு நெம்பின் இயல்பை விரித்துரைத்தல் வேண்டா. தாங்கும் இடத்திலிருந்து பாரம் விலக விலக, அதனை எதிர்த்திழுக்கும் விசையும் பெருகவேண்டும். தலை முன்னே சாயுந்தோறும் பிடரித் தசைகளின் நிலையும் இதுவே. நியூயோர்க் நகரின் முள்ளந்தண்டு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ், 2014ஆம் ஆண்டில் இதனைக் கணினி மாதிரியொன்றால் கணித்தார். வளர்ந்த ஒருவரின் தலை 15 பாகை குனியும்போது கழுத்து ஏற்கும் பாரம் ஏறத்தாழ 12 கிலோகிராம். 30 பாகையில் 18. 60 பாகையில் 27. இவை கணிப்பேயன்றிச் சிறுவரின் கழுத்தில் அளந்தறிந்தவை அல்ல. ஆயினும், குனிவுக்கேற்பப் பாரம் மிகும் என்பது சிறுவர்க்கும் பொருந்தும். உடலோடு ஒப்பிடின் சிறுவரின் தலை பெரிது; கழுத்துத் தசையோ வலிமை குறைந்தது.

இனி, தலை குனிவதன் காரணத்தை நோக்குவாம். 1972இல் அட்டாரி நிறுவனத்தார் வெளியிட்ட ‘பொங்’ என்னும் விளையாட்டு, ஆடுவோர் எதிரே நின்று ஆடும் பெட்டியாய் இருந்தது. பின்னர் வீட்டுக்கு வந்த கருவிகளில், திரை எதிரேயுள்ள தொலைக்காட்சியிலும் பொத்தான்கள் மடியிலுமாகப் பிரிந்திருந்தன. கண் நேரே நோக்கும், கை தாழ்ந்து இளைப்பாறும். 1989இல் வெளிவந்த ‘கேம் போய்’ போன்ற கைக்கருவிகளிலோ திரையும் பொத்தான்களும் ஒரே உடலாய் இணைந்தன. கைத்தொலைபேசியும் அவ்வினத்ததே. அதனைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினால் கை சோரும். மடிமீது தாழ்த்தினால் தலை குனியும். பிள்ளை கையைக் காத்துக் கழுத்தைக் கொடுக்கின்றான். இது பிடிவாதமன்று, கருவியின் அமைப்பே அவனை அவ்வாறு இருத்துகின்றது.

இருக்கையும் இதற்குத் துணைபோகின்றது. எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவாம். ஒன்பது வயதுப் பேரன் விறாந்தையிலுள்ள எமது சாய்மனைக் கதிரையில் அமர்ந்தே விளையாடுவான். மாலைதோறும் கழுத்து நோவு என்பான். ஒரு மாதம் முழுவதும் அவனைக் கடிந்தோம். ஒருநாள் அக்கதிரையை உற்று நோக்கினோம். முதுகைச் சாய்த்தால் அவன் கால் நிலத்தை எட்டாது. காலை ஊன்றினால் முதுகுக்குத் தாங்கல் இல்லை. பாட்டனுக்கு அமைந்த கதிரையிலே பேரனை இருத்திவிட்டு, அவன் முதுகைப் பழித்தோம். மேலும், “குனியாதே” என்று அவனைக் கடிந்த வேளைகளிலும் நாம் நமது கைத்தொலைபேசிமீது குனிந்தே இருந்தோம் என்பதையும் மறைத்தற்கில்லை. பலகையால் கால்மணை செய்து, முதுகுக்குத் தலையணை வைத்து, திரையை மேசைமீது நிறுத்திய பின்னர், அவன் நோவைப்பற்றி முறையிடுதல் குறைந்தது.

ஈண்டு மிகையான அச்சமும் வேண்டா. பதின்பருவத்திற் காணப்படும் முள்ளந்தண்டின் பக்கவளைவு நோய், கூனியிருந்து விளையாடுவதால் உண்டாவதன்று. எக்காலும் ஏற்ற ஒரேயொரு ‘சரியான நிலை’யும் இல்லை. மிக நேரிய நிலையும் ஒரு மணிநேரம் அசையாதிருப்பின் துன்பமே தரும். முள்ளென்புகளிடையே உள்ள தட்டுகளுக்குக் குருதிக்குழாய்கள் மிகச் சிலவே. அயலிலிருந்து ஊறிவரும் நீர்மத்தாலேயே அவை பெரிதும் ஊட்டம் பெறுகின்றன. உடல் அசைந்து, பாரம் ஏறியும் இறங்கியும் வருதல் அவ்வூட்டத்துக்குத் துணைசெய்யும். ஆதலின், குனிவினும் பெரிய குற்றம் நெடுநேர அசைவின்மையே என்க.

பெற்றோர் செய்யத்தக்கவை சில. முதலாவது, பிள்ளையின் பாதம் நிலத்திலோ மணையிலோ முழுமையாய்ப் படியவேண்டும். கதிரையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் வெளி இருக்கவேண்டும். இரண்டாவது, கைக்கருவியாயின் முழங்கைகளை மேசையிலோ மடிமேல் வைத்த தலையணையிலோ ஊன்றச்செய்து திரையை உயர்த்தவேண்டும். பொத்தான்கள் தனியே பிரியுமாயின் திரையை எதிரே நிறுத்துதலே நன்று. மூன்றாவது, மடக்கிய கையின் விரற்கணுவிலிருந்து முழங்கைவரை உள்ள நீளத்தினும் திரை கண்ணுக்கு அண்மையில் வரலாகாது. நான்காவது, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறையேனும் பிள்ளை எழுந்து நடக்கவேண்டும். ஆட்டத்தின் நடுவே அழைப்பின் அவன் வாரான். ஒரு கட்டம் முடியும் வேளையிலே எழுவதென முன்னரே பேசிக்கொள்ளின் வருவான். பாயிலே சம்மணமிட்டோ, குப்புறக் கிடந்தோ, நின்றோ நிலைமாற்றி ஆடுவதையும் தடுக்கவேண்டா. ஐந்தாவது, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது ஓடியாடி உடலை இயக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. இதனை ஈடுசெய்யவல்ல கதிரை எதுவும் இல்லை.

கை கால் விறைப்பு, உறக்கத்தைக் கெடுக்கும் நோவு, சில கிழமைகளாகியும் தணியாத நோவு, ஒரு தோள் மற்றதினும் உயர்ந்து தோன்றுதல் ஆகியவற்றைக் காணின், இருக்கையைக் குறைகூறிக் காலம் போக்காது மருத்துவரை நாடுதல் கடன்.

இவ்விழாவிற் கூடும் நாம், நம்மை நிமிர்த்தியது எது என எண்ணிப் பார்ப்போமாக. அடிமட்டம் தொட்ட நிமிர்வு ஒரு கணமே நின்றது. இடைவேளை மணி ஒலித்ததும் வாங்கை விட்டெழுந்து மைதானத்துக்கு ஓடினோமே, அந்த ஓட்டமே நம்மை நிமிர்த்தியது. நம் பிள்ளைகளுக்கும் அம்மணியை ஒலிப்பிப்போம். ஒலித்ததும் அவர்களுடன் நாமும் எழுவோம்.