ஒழுகுதல்

ஆற்றுநீரின் ஓட்டத்துக்கும் மின்சாரத்தின் ஓட்டத்துக்கும் ஆங்கிலத்தில் 'கரண்ட்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. தமிழில் முன்னது நீரோட்டம், பின்னது மின்னோட்டம்.

நெய்யாற்றின்கரையில் மலையாளத்தார் ஆற்றோட்டத்தை 'ஒழுக்கு' என்பர். அகத்தியமலையில் தோன்றிப் பூவாற்றருகே கடலில் கலக்கும் நெய்யாறு அவர்கள் மொழியில் ஒழுகுகிறது. பாறசாலையில் வளரும் தமிழ்ச் சிறுமி விடுமுறையில் திருநெல்வேலிக்குச் சென்று, அதே மலைத்தொடரில் பிறக்கும் தாமிரபரணியைக் கண்டு, "ஆறு ஒழுகுகிறது" என்றால் உறவினர் நகைப்பர். அங்கு ஒழுகுவன கூரையும் குடமுமே!

எனினும் அவள் கூறியது பிழையன்று. பழந்தமிழில் ஒழுகுதல் நீர் ஓடுதலையும் குறித்தது; நெறிப்படி நடத்தலையும் குறித்தது. ஒழுக்கம் என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே. திருக்குறளின் 14ஆம் அதிகாரம் 'ஒழுக்கமுடைமை'.

பயிற்சி: கூரை ஒழுகுவதை மலையாளத்தார் 'சோருதல்' என்பர். தமிழில் 'சோர்தல்' தரும் பொருள்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.