பூக்காத துவரையைப் பிடுங்குங்கள்

துவரை வயலில் ஒரு செடி மட்டும் சிறுத்த, வெளிர்பச்சைத் தேமல் இலைகளோடு புதர்போல் மண்டிப் பூக்காமல் நின்றால், சத்துக்குறை என்று யூரியா போடாதீர்கள். அது மலட்டுத் தேமல் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத, ஏறத்தாழ 0.2 மி.மீ. நீளச் சிலந்திப்பேன்தான் அந்த வைரஸைப் பரப்புகிறது. இறக்கையில்லாத அதைக் காற்று சுமந்து செல்கிறது. விதைவழி இந்நோய் பரவுவதில்லை. சென்ற பருவத்தில் வெட்டாமல் விட்ட மறுதாம்புத் துவரையும், வரப்பில் தானாக முளைத்ததும்தான் பேனுக்குப் புகலிடம். விதைக்கும் முன்பே அவற்றை அகற்றுங்கள்.

பச்சையாய் நிற்பதை ஏன் பிடுங்க வேண்டும், பிறகு காய்க்காதா என்று கேட்கலாம். இளம் பருவத்தில் தாக்குண்ட செடி பெரும்பாலும் காய்க்காது, பக்கத்துச் செடிகளுக்கு நோயைத்தான் கொடுக்கும். மருந்து பேனைக் கொல்லும். செடிக்குள் புகுந்த வைரஸை ஒன்றும் செய்யாது. நோய் எதிர்ப்பு ரகம் கிடைத்தால், அதுவே மலிவான வழி.