மீநுண் அரண்

நுழையும்முன்

மதிலும் அகழியும் காவற்காடும் நாட்டிற்கு அரணாக விளங்கிய காலம் ஒன்றிருந்தது. இன்று, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணளவில் செதுக்கப்படும் சில்லுகளும் அரணாகியுள்ளன. அவற்றை ஆக்கும் அறிவு, நாடுகளின் பாதுகாப்பையும் வணிகத்தையும் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அளவும் ஆற்றலும்

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். இந்நுண்ணளவில் பொருள்களைக் கையாளும் அறிவே மீநுண் தொழில்நுட்பம். அதன் பெரும்பயனைக் குறைகடத்திச் சில்லுகளில் காண்கிறோம். விரல்நக அளவுள்ள சில்லில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களை அமைக்க இயலும். கைப்பேசிக்கும் சில்லு வேண்டும். ஏவுகணைக்கும் சில்லு வேண்டும். ஆதலால், சந்தையில் விற்கப்படும் அப்பொருளே படைவலிமைக்கும் அடிப்படையாகிறது.

ஒரு சங்கிலி, பல கண்ணிகள்

மிக நுண்ணிய சில்லுகளைச் செதுக்க, 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி தேவை. உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு ஏறத்தாழ 50,000 முறை லேசர் கதிரால் தாக்கி அவ்வொளியைப் பெறுகின்றனர். இதற்கான இயந்திரத்தை வணிக அளவில் வழங்கும் நிறுவனம், நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றே. அதன் ஆடிகள் ஜெர்மனியில் உருவாகின்றன. ஒளியுணர் வேதிப்பொருள்களில் ஜப்பானும், சில்லுகளைத் திரளாக ஆக்குவதில் தைவானும் முன்னிற்கின்றன. எந்நாடும் தனித்து நின்று முடிக்க இயலாத தொழில் இது.

கண்ணியே படைக்கலம்

2019இல் தென்கொரியாவுக்குச் செல்லும் மூன்று வேதிப்பொருள்களின் ஏற்றுமதியில் ஜப்பான் கட்டுப்பாடு விதித்தது. 2022 அக்டோபரில், உயர்திறன் சில்லுகளும் அவற்றை ஆக்கும் கருவிகளும் சீனாவுக்குச் செல்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தியது. 2023இல் காலியம், ஜெர்மானியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமென்றது. பணம் இருந்தும் பொருள் கிட்டாத நிலையை ஓர் அரசாணையால் உருவாக்க முடியும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

இந்தியாவின் பாதை

மொகாலியில் 1984இல் சில்லு உற்பத்தியைத் தொடங்கிய அரசு நிறுவனத்தின் ஆலை, 1989இல் தீவிபத்தில் அழிந்தது. அது மீண்டெழுவதற்குள் உலகம் பல படிகள் முன்னேறிவிட்டது. இத்துறையில் இழந்த காலத்தை மீட்பது அரிது. 2007இல் நானோ இயக்கத்தைத் தொடங்கிய இந்திய அரசு, 2021இல் குறைகடத்தித் தொழிலுக்கு ரூ.76,000 கோடித் திட்டத்தை அறிவித்தது.

2025இல் அறிமுகமான ‘விக்ரம்’ என்னும் 32 பிட் செயலி, மொகாலியில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஆக்கப்பட்டது. கைப்பேசிச் சில்லுகளோடு ஒப்பிட்டால் இது பழைய தொழில்நுட்பமே. எனினும், ஏவூர்திக்குத் தேவை கடும் வெப்பநிலையையும் அதிர்வையும் தாங்கும் உறுதி. அதனை நம் மண்ணிலேயே ஆக்கிக்கொள்ள முடிவது பெரும்பேறு.

எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்பதன்று தற்சார்பு. பிறர் மறுத்தால் நாடு முடங்கிவிடும் கண்ணி எது என அறிந்து, அதனை முதலில் வசப்படுத்துவதே தற்சார்பு. அதற்குப் பொருட்செல்வம் மட்டும் போதாது. பல்லாண்டு தளராத ஆய்வும் வேண்டும். அவ்வாய்வைத் தொடரவேண்டிய தலைமுறை, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

‘3 நானோமீட்டர் சில்லு’ என்பது தொழில்நுட்பத் தலைமுறையைக் குறிக்கும் பெயரே. சில்லின் உறுப்பு எதனுடைய நேரடி அளவும் அன்று.

கற்பவை கற்றபின்

1. ‘இன்றியமையாத பொருளை இறக்குமதி செய்வதே சிக்கனம்’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் இல்லத்தில் சில்லுகள் இடம்பெற்ற பொருள்களைப் பட்டியலிட்டு, அவை இல்லையெனில் தடைப்படும் பணிகளைத் தொகுத்து எழுதுக.