சிறை தண்டனையா, தண்டிக்கும் இடமா?



களவு செய்த ஒருவனுக்கு நீதிபதி இரண்டு வருஷச் சிறை விதிக்கிறார். "உள்ளே நன்றாக உதைபடட்டும், அப்போதுதான் புத்தி வரும்" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்கிறோம். இது கிறிஸ்தவனுக்கு அடுக்குமா? இவ்வார ஞானப்பாடமாக இதை ஆராய்வோம்.

வினா: சிறைத் தண்டனை என்பது யாது?

விடை: சுயாதீனத்தை இழப்பதே அத்தண்டனை. மனைவி மக்கள், நிலம், தொழில் எல்லாவற்றையும் பிரிந்திருப்பது இலேசான காரியமன்று. பாவசங்கீர்த்தனத்தில் குரு அபராதமாக ஐந்து பரலோக மந்திரம் விதித்தால், அதை ஐம்பதாக்க உபதேசியாருக்கு அதிகாரமுண்டோ? அப்படியே, நீதிபதி விதித்ததோடு அடியையும் பட்டினியையும் சேர்க்கச் சிறைக் காவலருக்கும் அதிகாரமில்லை.

வினா: நம் நாட்டில் எப்போதும் இப்படி எண்ணினார்களா?

விடை: இல்லை. 1908-ல் ராஜத்துரோகக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கிற செக்கை இழுத்தார். அன்றைய ஆட்சிக்குச் சிறை, தண்டிக்கும் இடமாகவே இருந்தது. சுதந்திரம் வந்த பிறகும் கொடுமை ஓயவில்லை. தில்லி திகார் சிறைக் கைதி ஒருவர், சக கைதியை வார்டர் வதைத்ததைக் கடிதமாக எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நீதிபதி கிருஷ்ணய்யர் முதலியோர் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றார்கள். சிறைக்குள் போனதால் ஒருவன் தன் அடிப்படை உரிமைகளையெல்லாம் இழந்துவிடுவதில்லை என்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தார்கள்.

வினா: தீர்ப்பே பெறாதவர்கள் சிறையில் உண்டோ?

விடை: உண்டு. நம் நாட்டுச் சிறைகளில் இருப்போரில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகளே. திருச்சி ஜில்லாவில் பிறந்த சேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு வயது 83. நடுக்குவாதத்தால் தம்ளரைப் பிடிக்க முடியாத அவர், உறிஞ்சு குழலுக்காக நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க நேர்ந்தது. வழக்கு முடியுமுன், 2021 ஜூலை 5-ல், பம்பாய் ஆஸ்பத்திரியில் மரித்தார்.

வினா: அப்படியானால் குற்றத்தால் நொந்தவனுக்கு நீதி எங்கே?

விடை: விதித்த தண்டனை நிறைவேறுவதே நீதி. குற்றத்தால் கெட்ட ஒழுங்கைச் சீர்ப்படுத்தவும், ஜனங்களைக் காக்கவும், குற்றவாளியைத் திருத்தவுமே தண்டனை என்று திருச்சபை போதிக்கிறது. உதை இம்மூன்றில் எதையும் செய்வதில்லை.

வினா: இதில் நமக்கென்ன கடமை?

விடை: நம் ஜவளகிரிப் பக்கத்து ஆள் ஒருவன் சேலம் மத்திய சிறைக்குப் போனால், அவன் மனைவியோடு பேச்சை நிறுத்துகிறோம். அவன் மகளுக்கு வரன் பேசத் தயங்குகிறோம். விடுதலையாகி வந்தவனுக்கு ஓசூர்க் கம்பெனியில் வேலைக்குச் சிபாரிசு செய்ய மறுக்கிறோம். எந்த நீதிபதியும் விதிக்காத இத்தண்டனைக்கு விடுதலைத் தேதியும் கிடையாது. சேசுநாதரோ, காவலில் இருப்பவனைப் பார்க்கப் போவதைத் தம்மையே பார்க்க வந்ததாகக் கணக்கிடுகிறார் (மத். 25). அவன் செய்த குற்றம் இன்னதென்று விசாரித்த பிறகு போகும்படி அவர் சொல்லவில்லை.

இவ்வாரத் தீர்மானம்: அப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவில் இருந்தால், இந்த ஞாயிறு பூசைக்கு வரும்போது அவர்களையும் கூட அழைத்து வாருங்கள்.